தலைவர் வீட்டு ஐரிஸ் பாத்தி

நார்மண்டியில், சேன் நதிக்கரையில் இருக்கிற மெனில் ஊரில் ஐரிஸ் பூச்செடி வளர்க்கத் தெரியாத ஆள் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் ஊர் தன் ஐரிஸ் கமிட்டிக்குத் தலைவராக வைத்திருந்தது, அதுவும் பதினொரு வருஷமாக.

பெயர் ரெமி கெனெல். முப்பத்துநாலு வருஷம் சாலை இலாகாவில் இன்ஸ்பெக்டர். வேலி ஒரு சாண் ரோட்டுப் பக்கம் சாய்ந்தாலும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நோட்டீஸ் எழுத ஆளில்லை. கை சும்மா இருக்குமா? ஊரில் எதையாவது ஒழுங்குபடுத்தியே தீருவதென்று கிளம்பினார். மாடுகள் அவர் பேச்சை மதிக்கவில்லை. சேன் நதி யார் பேச்சையும் கேட்பதில்லை. மிச்சம் இருந்தது ஐரிஸ். அது ஓடாது, எதிர்த்தும் பேசாது. மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஐரிஸ் அந்த ஊரில் அலங்காரத்துக்கு வந்த செடி இல்லை, கூரைக்கு வந்தது. நாணல் கூரையின் இரண்டு சரிவும் மேலே சேருகிற முகட்டில் களிமண்ணைப் பூசி, அதில் ஐரிஸ் கிழங்கைப் பதித்துவிடுவார்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மண் மழையைப் பிடித்துக்கொள்ளும். மே மாசம் வந்தால் வீட்டுக்கு வீடு முகட்டில் ஊதாப் பூ நிற்கும். அதற்கு ஒருத்தரும் தண்ணீர் விட்டதில்லை, உரம் போட்டதில்லை. தரையில் வைத்திருக்கும் பாத்திகளையும் ஏறக்குறைய அப்படித்தான் விட்டிருந்தார்கள்.

ரெமிக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு அலட்சியத்தில் ஒரு பூ பூப்பதே சட்டவிரோதம் என்பதுபோல் பார்த்தார். ‘ஐரிஸ் வளர்ப்பு: ஒன்பது விதிகள்’ என்று எழுதி, நகல் எடுத்து, வீடு வீடாகத் தபால் பெட்டியில் போட்டார். கிழங்கை ஒரு சாண் ஆழத்தில் புதைக்க வேண்டும், காற்றில் சாயாது. தினமும் காலையில் தண்ணீர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குதிரைச் சாணம். குளிருக்கு மேலே வைக்கோல் போர்த்த வேண்டும். ஒன்பதாவது விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: ஒரு கிழங்கையும் வீசி எறியக் கூடாது.

ஒன்பதும் தப்பு. ஊரில் மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும், ஐரிஸ் கிழங்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் கிடக்க வேண்டிய சாமான் என்று. புதைத்தால் இலை விடும், பூ விடாது. சாணம் போட்டால் அழுகும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதரம் தோண்டி, நடுவில் கிடக்கும் கிழட்டுக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓரத்துக் குட்டிகளை மட்டும் இலையை வெட்டி நட வேண்டும்.

இதை ஏன் அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் நார்மண்டிக்காரர்களோடு பழகியதில்லை என்று அர்த்தம். இங்கே யாரும் யார் முகத்துக்கு நேராகவும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. மழை வருமா என்றால், “வரலாம், வராமலும் போகலாம்.” ஆப்பிள் நல்ல விளைச்சலா என்றால், “மோசம்னு சொல்ல முடியாது.” ரெமி தன் விதிகளைப் படித்துக் காட்டிவிட்டு, “சரிதானே?” என்று கேட்டார். ஊரே யோசித்து, “இருக்கலாம்” என்றது. அவர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார். கமிட்டித் தலைவராக நிற்கட்டுமா என்று கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. ஆக, பதினொரு வருஷம் ‘இருக்கலாம்’ என்கிற ஒரே வார்த்தையின் மேல் உட்கார்ந்து ஓட்டிவிட்டார்.

அவர் பாத்தி மட்டும் வாய் விட்டு ‘இல்லை’ என்றது. மூணு வருஷமாக ஒரு பூ இல்லை. இலை என்னவோ இடுப்பு உயரம், பச்சைப் பசேலென்று. ரொட்டி வண்டிக்காகக் காத்திருக்கும் இடத்தில், “தலைவர் வீட்டு வெங்காயத்தாள் இந்த வருஷம் நல்லா வந்திருக்கு” என்று பேச்சு. முதல் வருஷம் பின்பனி என்றார். இரண்டாம் வருஷம் வயல் எலி. மூணாம் வருஷம் சொல்லக் காரணம் கிடைக்காமல், “செடி ஓய்வெடுக்குது” என்றார். இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர் சொன்னதால் அதையும் நம்பினார்கள், அல்லது நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

நாலாம் வருஷம் விஷயம் முற்றியது. மே மாசக் கடைசி ஞாயிறு ஐரிஸ் ஞாயிறு. ஜனங்கள் தெருத்தெருவாகப் போய் முகடுகளையும் பாத்திகளையும் பார்த்துவிட்டு, கடைசியில் தலைவர் வீட்டில் வந்து உட்கார்ந்து ஆப்பிள் மது குடிப்பது வழக்கம். அந்தத் தடவை ஆற்றுக்கு அக்கரைக் கமிட்டிக்காரர்களும் வருகிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. ‘தங்கள் தலைவரின் பாத்தியைக் காண ஆவலாக உள்ளோம்’ என்று ஒரு வரி. அதற்கு மூணு வாரம் கழித்து ஜூன் கூட்டம், அதில் தலைவர் தேர்தல். பூ இல்லாத பாத்தியை அக்கரைக்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், அப்புறம் ஜூனில் யார் கை தூக்குவார்கள்? ரெமிக்கு வயசு எழுபத்தொன்று. அந்த நாற்காலியும் போய்விட்டால் காலையில் எழுந்து என்னத்துக்குச் சட்டை போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

பெண்டாட்டி பெயர் ஓதில். அதிகம் பேசாத பெண்மணி. கமிட்டியில் அவளும் உறுப்பினர், பதிமூணு பேரில் ஒருத்தி. பதினொரு தடவையும் புருஷனுக்குத்தான் கை தூக்கினாள். ஐரிஸ் ஞாயிறன்று அவளுக்கு உரிய மரியாதை ஒன்று உண்டு: தெர்கூல். அரிசியும் பாலும் சர்க்கரையும் பட்டையும் போட்டு, மண் சட்டியில் ஊற்றி, சின்னத் தணலில் அஞ்சு மணி நேரம் விட்டெடுக்கிற பால்சோறு. மேலே பழுப்பு நிறத்தில் ஆடை கட்டி நிற்கும். அந்த ஆடையை உடைக்கிற நிமிஷத்துக்காகவே பாதி ஊர் வரும். வருஷம் பூராவும் ‘தலைவர் பெண்டாட்டி’யாக இருப்பவள் அந்த ஒரு மத்தியானம் மட்டும் ஓதிலாக இருப்பாள்.

மே மாச நடுவில் லியோனி துபொக் வேலியோரம் வந்து நின்றாள். நாற்பது மாடு வைத்திருப்பவள், அவள் பாத்தியைப் பார்த்தால் கண் கூசும். அந்த ஊர்க் கணக்குப்படி அவள் வாயாடி. அதாவது அரை உண்மையை நேராகச் சொல்லிவிடுவாள்.

“தலைவரே, போன ஜூலையில நான் தோண்டினப்ப நிறைய குட்டி மிஞ்சிச்சு. இந்த ஜூலையிலயும் மிஞ்சும், வேணும்னா தரேன்.”

“என்கிட்டயே கிழங்கு இருக்கு லியோனி. நூத்து நாப்பது. எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கேன்.”

“இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. கொஞ்சம் தூக்கிப் போட்டா மிச்சத்துக்கு மூச்சு வரும்.”

“விதி ஒம்பது படிச்சியா நீ?”

“படிச்சேன். அடுப்பு பத்த வைக்கறப்ப படிச்சேன்” என்றாள் அவள், போய்விட்டாள்.

நம்பர் போட்டது உண்மைதான். ஒவ்வொரு கிழங்குக்கும் துத்தநாகத் தகட்டில், சாலை இலாகா கையெழுத்தில், பாத்தியும் எண்ணும் தன் பெயரும் பொறித்துக் கம்பியால் கட்டியிருந்தார். மைல்கல்லுக்குக்கூட அவ்வளவு மரியாதை நடந்திருக்காது.

அன்று சாயங்காலம் நாற்காலியைப் பாத்தி பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நூற்று நாற்பதில் ஒரு மொட்டு கிடையாது. தலையை நிமிர்த்தினார். தலைக்கு நேர் மேலே, பழத்தோட்டத்தைப் பார்த்த பின்பக்கத்து முகட்டில், யாரும் திரும்பிப் பார்க்காத ஐரிஸ் மொட்டும் பூவுமாக நெட்டுக்கு நின்றது. அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு விதியைக்கூடக் கடைப்பிடிக்காத செடி என்று பல்லைக் கடித்தார். பிறகு பல்லைக் கடிப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை ஓதில் பல் டாக்டரைப் பார்க்க பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்த ஊரில் தெருவே இருக்காது. எல்லோரும் சாப்பாட்டு மேஜையில். திருடுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் சாப்பிடுவார்கள். ரெமி கொட்டகையிலிருந்து நீள ஏணியை இழுத்தார், கூரையில் சாத்தினார், மண்வெட்டியோடும் கயிறு கட்டிய வாளியோடும் ஏறினார். அரசாங்க வேலையில் இருந்தபோது ஒரு சாக்கடைக்குள்கூட இறங்காத மனுஷர்.

முகட்டுச் செடி சுலபமாக வந்தது. மேலோடு உட்கார்ந்த கிழங்கு, களிமண்ணோடு பலகைபோல் பெயர்ந்தது. ஏழு கொத்து. பெயர்த்த இடத்தில் நாணல் நுனிகள் தெரிந்தன. அதைச் சும்மா விடுவாரா? தன் பாத்தியில் பூக்காத ஏழு கொத்துகளை மேலே ஏற்றி, இடைவெளியில் சாணம் கலந்த கறுப்பு மண்ணைக் கொட்டி, ஆழமாகப் புதைத்து, பழக்கதோஷத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினார். கீழே இறங்கி, பூத்த ஏழு கொத்தையும் பாத்தியின் முன் வரிசையில் வைத்தார். மனசு பதினெட்டு வயசுப் பையனுக்கு இருப்பதுபோல் குதித்தது. ஒன்றே முக்காலுக்குக் கை கழுவி, ஆறிப்போன சூப்பைக் குடித்தார்.

ஓதில் நாலு மணிக்குத் திரும்பினாள். பாத்திக்கு முன்னால் நின்றாள்.

“பூத்திருக்கு.”

“பூத்திருக்கு” என்றார் ரெமி, ரொம்பச் சாதாரணமாக.

“காலையில பஸ்ஸுக்குப் போறப்ப இல்லையே.”

“ஐரிஸ் அப்படித்தான் ஓதில். நேரம் வந்துச்சுன்னா சட்டுன்னு வரும்.”

அவள் தலையை நிமிர்த்திக் கூரையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஜனம் வந்தது, அக்கரைக் கமிட்டியிலிருந்து நாலு பேரும் வந்தார்கள். தலைவர் கோட்டும் டையும் போட்டுப் பாத்திப் பக்கத்தில் நின்றார். “மூணு வருஷப் பொறுமை” என்றார் வந்தவர்களிடம். “விதிகளை விடலை, அவ்வளவுதான்.” அவருக்கே அது நிஜம் என்று படத் தொடங்கியிருந்தது. லியோனி மட்டும் குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“உங்க மண்ணு கறுப்பாச்சே தலைவரே. இது களிமண்ணா இருக்கு.”

“விதி நாலு” என்றார் ரெமி. நாலாவது விதி எதைப் பற்றியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

மூணு மணிக்குக் கழிமுகத்துப் பக்கமிருந்து மேகம் திரண்டது, கொட்டியது. எல்லோரும் கூடத்துக்குள் ஓடினார்கள். அந்தக் கூடத்துக்கு மேல்தட்டு கிடையாது. முன்பு இருந்தது, பழங்காலத்து உத்திரங்களை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று தலைவரான இரண்டாம் வருஷம் ரெமிதான் பலகையெல்லாம் பிரித்துப் போட்டார். தலை நிமிர்ந்தால் நேராக முகட்டின் அடிப்பக்கம். அதற்கு நேர் கீழே நீள மேஜை. மேஜை நடுவில், துணி விரித்து, ஓதிலின் மண் சட்டி. ஆடை இன்னும் உடைபடவில்லை.

ரெமி கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஓதில் கரண்டியோடு காத்து நின்றாள். அவர் பேசி முடித்தால்தான் உடைக்க முடியும். அவர் ஒன்றாம் விதியில் தொடங்கினார். சாணத்தைப் பற்றிய விதிக்கு வந்தபோது சட்டியில் சொட்டென்று ஒன்று விழுந்தது. கறுப்பாக இருந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு கை மண் மொத்தமாக வந்து ஆடையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அதற்குள் வாசனை எல்லோர் மூக்குக்கும் எட்டிவிட்டது. குதிரை வளர்க்கிற ஊரில் அந்த வாசனை யாருக்கும் புதுசில்லை.

கூரை வேய்கிற அன்செல்ம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்த முகட்டை நாலு வருஷத்துக்கு முன்னால் மண் பூசி முடித்தவர் அவர். தன் வேலை ஒழுகுகிறது என்பதை ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்று முகம் சிவந்துபோய், மழை விடும்வரைகூடப் பொறுக்காமல் ஏணியைத் தேடிப் போனார். கொஞ்ச நேரம் மேலே நாணல் சரசரத்தது. திரும்பி வந்தபோது தொப்பி வழிய நனைந்திருந்தார். கையில் ஒரு அழுகின கிழங்கு, கொழகொழவென்று. அதில் கம்பியில் தொங்கிய தகட்டைக் கோட்டில் துடைத்துவிட்டு, மெதுவாகப் படித்தார்.

“பாத்தி ஒண்ணு. எண் அறுபத்திரெண்டு. ரெமி கெனெல்.”

ரெமியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கரைக்காரர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அன்செல்ம் கிழங்கை மேஜை ஓரத்தில், சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“காத்துல மேல போயிருக்குமோ என்னமோ” என்றார் யாரோ ஒரு பெரியவர், உதவி செய்கிற நினைப்பில்.

“போயிருக்கலாம்” என்றது கூடம்.

யாராவது திட்டியிருந்தால் ரெமி பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். அவர்கள் கோட்டை மாட்டினார்கள், நல்லா இருந்துச்சு என்றார்கள், கை குலுக்கினார்கள், போனார்கள். லியோனி மட்டும் நின்று, “அடியில நல்லாத்தான் இருக்கும் ஓதில், மேல எடுத்துட்டா” என்றாள். ஓதில் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோழிக் கூண்டுப் பக்கம் போனாள். கோழிகள்கூடச் சாணம் விழாத பக்கமாகப் பார்த்துத்தான் கொத்தின. அவளுக்கு அழுகை வந்தது. அதைக் கோழிகள் முன்னால் அழுது முடித்துவிட்டு, சட்டியைக் கழுவினாள்.

ரெமி மூணு வாரம் கணக்குப் போட்டார். அன்செல்ம் எதிரி, சரி. லியோனி எப்போதுமே எதிரி. ஆனால் பதிமூணில் ஏழு வந்தால் போதும். தன் கை ஒன்று. வாத்தியார், தபால்காரர், வாத்து வளர்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், மேயரின் மாமியார்: இவர்கள் யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதவர்கள். ஆறு ஆயிற்று. ஏழாவது ஓதில். மனுஷருக்குத் தூக்கம் வந்துவிட்டது. அந்த மூணு வாரத்தில் ஓதில் அவரிடம் உப்பு, ரொட்டி, மழை ஆகிய மூன்றைப் பற்றியும் பேசினாள். சட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

ஜூன் கூட்டம் மேயர் அலுவலகத்துப் பின்னறையில். அன்செல்ம் எழுந்து, லியோனி பேரையும் போட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவ்வளவு நேராகப் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டார். ரெமிக்கு ஆதரவு யார் என்று வாத்தியார் கேட்டார். கைகள் எழுந்தன. ரெமி எண்ணினார். ஆறு. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று மறுபடி எண்ணினார், தன் கையையும் சேர்த்து. ஆறுதான். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். ஓதில் இரண்டு கையையும் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லியோனிக்கு யார் என்று கேட்டதும் அவள் கைப்பையை மடியில் சரிசெய்துவிட்டு, வலது கையை நன்றாக, தோள் நிமிர, தூக்கினாள். அதுதான் ஏழாவது. லியோனி எழுந்து, “சரி, ஆனா எனக்கு இப்ப பால் கறக்கிற நேரம்” என்று கிளம்பிவிட்டாள். அப்படியாக ஐரிஸ் கமிட்டியில் தலைவர் உரை இல்லாத முதல் கூட்டம் நடந்து முடிந்தது.

வீட்டுக்கு வந்து, கேட்டைத் திறக்கும்போது ரெமி கேட்டார்.

“வீட்டுக்காரிக்கே மனசு வரலையே ஓதில்.”

“பஸ்ல வந்து எறங்கின அன்னிக்கே பாத்தேன். முகட்டுல ஏழு கொத்துக்குப் பூ இல்லை.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“நீயா சொல்லுவேன்னு நாலு நாள் இருந்தேன். என் சட்டிக்கு மேல நின்னு விதி படிச்சே.”

ரெமிக்கு அவமானம் இப்போதுதான் உள்ளே இறங்கியது. கூடத்தில் அத்தனை பேர் பார்த்தபோது இறங்காதது, இந்த ஒருத்தி சொன்னபோது இறங்கியது.

ஜூலை நடுவில் ஒரு காலை, ஓதில் அவருடைய பழைய இலாகாக் காலணியைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். முள் மண்வெட்டியால் மண்ணைக் கிளறிக் கொத்துக் கொத்தாக வெளியே எடுத்தாள், உதறினாள், ஓரத்துக் குட்டிகளைக் கத்தியால் வெட்டினாள். இலையை ஒரு சாணுக்கு விசிறிபோல் கத்தரித்துத் தனியாக அடுக்கினாள். நடுக்கட்டைகள் அழுகலும் பொந்துமாக வந்தன. ரெமி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, வீசி எறிய வேண்டிய கட்டைகளுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் பிடித்தார். அவள் எறிந்தாள், அவர் வாங்கினார். தகடுகளை அவரே கழற்றினார், அவள் சொல்லவில்லை.

எண் ஒன்பது, இருபத்தாறு, அறுபது என்று போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. ஒரு கட்டை கல்லுபோல் கெட்டியாக வந்தது, அழுகல் இல்லை, மேலே ஒரே ஒரு பச்சை இலை. ரெமி அதைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஓதில் அடுத்ததை நீட்டிவிட்டுப் பார்த்தாள்.

“இதுல இன்னும் உயிர் இருக்கு” என்றார் அவர்.

“இருக்கு” என்றாள் ஓதில். “இனிமே பூக்காது.”

அவள் அவசரப்படுத்தவில்லை, கத்தியை மண்ணில் குத்திவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் அவர் குனிந்து, தகட்டைக் கழற்றாமலே, அதைக் கூடையில் போட்டார்.